பல்லுக்குக் கிளிப் ஒட்டும் முன் பல்லில் என்ன செய்கிறார்கள்? திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் ஒரு பல் சிகிச்சை நிலையத்தில் டொக்டருக்குப் பக்கத்தில் நின்று உதவி செய்வது என் வேலை. எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிப்பது, நனைந்த பஞ்சை மாற்றுவது, வினாடிகளை எண்ணிச் சொல்வது எல்லாம் நான்தான். கிளிப் போட வருகிறவர்கள் உள்ளே டொக்டரிடம் கேட்கக் கூச்சப்பட்டுவிட்டு, வெளியே வந்து என்னிடம் கேட்பார்கள். உவர்மலையிலிருந்து வந்தாலும் மூதூரிலிருந்து வந்தாலும் முதல் கேள்வி அநேகமாக ஒன்றுதான்: பல்லில் அசிட் பூசுகிறார்களாமே?

அதையும், அதைத் தொட்டு வரும் மற்றக் கேள்விகளையும் கேட்டவர்கள் கேட்டபடியே கீழே எழுதியிருக்கிறேன். இது பொதுவான விளக்கம். உங்கள் வாயைப் பார்த்த டொக்டர் வேறு மாதிரிச் சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

கிளிப் போடுறது என்றால் பல்லைச் சுற்றிக் கட்டுறதா, ஒட்டுறதா?

இரண்டும் உண்டு. பல்லின் முன்பக்கத்தில் தெரியும் சின்னச் சதுரத் துண்டுக்குப் பெயர் பிரக்கெட். அதை ஒட்டுகிறோம். அதன் நடுவிலுள்ள பள்ளத்துக்குள்தான் கம்பி போகும். கடைவாய்ப் பல்லுக்குச் சிலவேளை மோதிரம் போல ஒரு வளையம் மாட்டுவதுண்டு. அதற்குச் சில நாட்களுக்கு முன்பே பற்களுக்கு இடையில் சிறிய ரப்பர் வளையம் வைத்து இடம் எடுப்பார்கள்.

ஒரு காலத்தில் எல்லாப் பற்களுக்கும் அப்படி வளையம்தான் மாட்டினார்கள். 1965இல் நியூமன் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் பிரக்கெட்டை நேரடியாகப் பல்லில் ஒட்டிய அனுபவத்தை எழுதினார். அதன் பிறகுதான் வளையங்கள் மெல்ல மெல்லக் குறைந்தன.

பல்லு சுத்தமாத்தானே இருக்கு. அப்படியே பசையைத் தடவி ஒட்டினா என்ன?

ஒட்டாது. இரண்டு காரணம். ஒன்று, எவ்வளவு துலக்கினாலும் பல்லின் மேல் எச்சிலிலிருந்து வரும் புரதப் படலம் ஒன்று படிந்துகொண்டே இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. இரண்டாவது, பல்லின் வெளிப்பூச்சான எனாமல் மிகவும் வழுவழுப்பானது. பள்ளிக்கூடப் புத்தகத்தில் மிளிரி என்று படித்தோமே, அதுதான். எடையில் ஏறத்தாழ 96 வீதம் கனிமம். உடம்பில் அதைவிடக் கடினமான பொருள் இல்லை. பிடித்துக்கொள்ள ஒரு விளிம்பும் இல்லாத கண்ணாடி போன்ற பரப்பில் பசை எதைப் பிடிக்கும்?

உப்புவெளிக் கரையில் என் மாமா பைபர் படகுகளுக்கு ஒட்டுப் போடுவார். வெடித்த இடத்தில் ரெசின் என்ற இறுகும் பசையை நேரே ஊற்ற மாட்டார். பழைய பெயின்டைச் சுரண்டி, பளபளப்புப் போகும்வரை சாண்ட் பேப்பரால் தேய்த்து, நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவி, ஒரு பகல் முழுக்க வெயிலில் காயவிடுவார். ஈரம் இருந்தால் அந்த ஒட்டு அடுத்த தொழில் பருவத்தில் பலகையாகக் கழன்று வரும். பல்லில் நாங்கள் செய்வதும் இதே ஒழுங்குதான். சுத்தம், சொரசொரப்பு, உலர்வு, அதன் பிறகு ரெசின். பல்லில் சாண்ட் பேப்பருக்குப் பதிலாக அமிலம்.

மிஸ், பல்லுல அசிட் பூசுறீங்களாமே. பல்லு கரைஞ்சு போகாதா?

அமிலம் பூசுவது உண்மை. பொஸ்போரிக் அமிலம், பொதுவாக 35 முதல் 37 வீதம், ஜெல் வடிவில். பல்லில் இருக்கும் நேரம் 15 முதல் 30 வினாடி. கரைவதும் உண்மைதான், ஆனால் எவ்வளவு என்று பாருங்கள். மேற்பரப்பிலிருந்து போவது சுமார் 10 மைக்ரோன், அதாவது ஒரு மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கு. முன்பல்லின் நடுப்பகுதியில் எனாமல் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் தடிப்பு. ஒரு தலைமுடியின் தடிப்பில்கூடச் சின்னப் பங்குதான் போகிறது.

அந்த இழப்புக்கு ஈடாகக் கிடைப்பது பெரிது. எனாமல் ஒரே கட்டிக் கல் அல்ல. ஏறத்தாழ 5 மைக்ரோன் அகலமுள்ள நுண்ணிய கோல்களை நெருக்கமாக அடுக்கியது போன்றது. அமிலம் பட்டதும் சில கோல்களின் நடு அதிகமாகக் கரையும், சில இடங்களில் கோல்களைச் சுற்றியுள்ள பகுதி அதிகமாகக் கரையும். உருப்பெருக்கிப் பார்த்தால் தேன்கூடு மாதிரி. அந்தக் குழிகளுக்குள் தண்ணீர் போல ஓடும் ரெசின் இறங்கி இறுகும்போது ஆயிரக்கணக்கான சின்ன வேர்கள் போலப் பிடித்துக்கொள்கிறது. பிரக்கெட்டைத் தாங்குவது அந்தப் பிடிதான்.

இந்த முறையை 1955இல் எழுதியவர் மைக்கல் புவனகோர் என்ற பல் மருத்துவர். உலோகத்தில் பெயின்ட் நன்றாகப் பிடிக்கத் தொழிற்சாலைகளில் பொஸ்போரிக் அமிலம் பூசுவதைப் பார்த்து, பல்லிலும் முயன்றார். அவர் பாவித்தது 85 வீத அமிலம், 30 வினாடி. இன்றைக்கு அதில் பாதிக்கும் குறைந்த செறிவே போதும் என்று தெரிந்துவிட்டது. கோலாப் பானங்களிலும் இதே அமிலம் சிறிய அளவில் இருக்கிறது. எப்போதோ ஒருமுறை அரை நிமிடம் பூசும் ஜெல்லுக்குப் பயப்படும் தாய்மார், ஒவ்வொரு நாளும் பிள்ளை கையில் வைத்து உறிஞ்சும் போத்தலைப் பற்றிக் கேட்பதில்லை. அதைத்தான் கேட்க வேண்டும்.

என்னென்ன செய்வீங்க என்று வரிசையாச் சொல்லுங்க. மகள் பயப்படுறாள்.

முதலில் பல்லைத் துலக்குவோம். வீட்டுப் பற்பசையால் அல்ல, பியூமிஸ் என்ற எரிமலைக் கல்லின் பொடியைத் தண்ணீரில் குழைத்து, சுழலும் சின்ன ரப்பர் கிண்ணத்தால். எண்ணெயும் வாசனையும் சேர்ந்த பசை என்றால் அதுவே ஒரு படலமாகப் படிந்துவிடும், அதனால்தான் வெறும் பொடி. ஒரு பல்லுக்குச் சில வினாடி. காவி, கல் படிந்திருந்தால் அதை முன்பே ஒரு நாளில் எடுத்திருப்போம். ஏனென்றால் அன்றைக்கே முரசு குத்துப்பட்டு இரத்தம் வந்தால் ஒட்ட முடியாது.

பிறகு கன்னத்தையும் உதட்டையும் விலக்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் சட்டத்தை வாயில் வைப்போம். படத்துக்குச் சிரிப்பது போல முகம் இருக்கும், வசதியாக இருக்காது, ஆனால் நோகாது. எச்சில் சுரக்கும் இடங்களில் பஞ்சு. உறிஞ்சு குழாய் நாக்குக்குக் கீழே. பல்லைக் காயவைத்து, பிரக்கெட் வரும் இடத்தில் மட்டும் நீல நிற ஜெல்லை வைப்போம். நான் எண்ணுவேன். நேரம் முடிந்ததும் ஜெல்லை உறிஞ்சி எடுத்து, ஒவ்வொரு பல்லையும் தண்ணீரும் காற்றும் சேர்த்து நன்றாகக் கழுவி, காற்றால் உலர்த்துவோம்.

இப்போது பல்லைப் பார்த்தால் தெரியும். பளபளப்புப் போய், கடல் தண்ணீர் காய்ந்த பாறையில் உப்புப் பூத்தது போல மங்கிய வெள்ளை. அந்த வெள்ளை வராத இடத்தில் டொக்டர் ஒட்ட மாட்டார், திரும்பப் பூசச் சொல்வார். வெள்ளை வந்ததும் பிரைமர் என்ற மெல்லிய ரெசின் திரவத்தை ஒரு தடவல், பிரக்கெட்டின் அடியில் பசை, பல்லில் வைத்து அழுத்தி, ஓரத்தில் பிதுங்கிய பசையைச் சுரண்டி எடுத்து, நீல லைட் அடித்து இறுக வைப்பார். மகளிடம் சொல்லுங்கள்: இதில் ஊசியும் இல்லை, பல்லைத் துளைப்பதும் இல்லை.

வலிக்குமா?

ஒட்டும்போது இல்லை. எனாமலில் நரம்பு கிடையாது. காற்று அடிக்கும்போது கூச்சம் உள்ளவர்களுக்குச் சுரீர் என்று இருக்கலாம். வலி என்று சொல்வது கம்பி போட்ட பிறகு, பல் நகரத் தொடங்கும் முதல் சில நாட்களில் வரும் அழுத்தம். அது இந்தப் பக்கத்தின் விஷயம் அல்ல.

அந்த நீல ஜெல் முரசுல பட்டா, தொண்டைக்குள்ள போனா என்ன ஆகும்?

முரசில் பட்டு உடனே கழுவினால் ஒன்றும் ஆகாது. கொஞ்ச நேரம் கிடந்தால் அந்த இடம் வெளிறி எரிச்சல் தரும், ஓரிரு நாளில் ஆறிவிடும். தண்ணீர் மாதிரி ஓடாமல் ஜெல்லாக இருப்பதும், பல்லில் தெரியாத வெள்ளையாக இல்லாமல் நீலமாக இருப்பதும் எங்கே வைக்கிறோம், எங்கே கழுவவில்லை என்று கண்ணுக்குத் தெரிவதற்காகத்தான்.

கழுவும்போது புளிப்பாக ஒரு சுவை நாக்குக்கு வரும். அது நிறையத் தண்ணீரில் கரைந்த மிச்சம், பயப்பட வேண்டாம். கண்ணில் மட்டும் படக்கூடாது, அதற்குத்தான் கண்ணாடி போடச் சொல்கிறோம். வாய்க்குள் எரிவது போல இருந்தால் கையைத் தூக்குங்கள். பேசாதீர்கள். ஏன் என்பது அடுத்த பதிலில்.

"நாக்கை அசைக்காதே, வாயை மூடாதே" என்று ஏன் அவ்வளவு கண்டிப்பு?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் வாசிப்பீர்கள் என்றால் இதை வாசியுங்கள். எல்லாரும் அமிலத்துக்குப் பயப்படுகிறார்கள். எச்சிலுக்கு யாரும் பயப்படுவதில்லை. ஆனால் ஒட்டுவதைக் கெடுப்பது எச்சில்தான்.

மேலே சொன்ன தேன்கூட்டுக் குழிகள் திறந்து கிடக்கும் நேரம் மிகக் குறைவு. ஜெல்லைக் கழுவியதிலிருந்து பிரைமர் இறுகும்வரை. அதற்குள் நாக்கின் நுனி ஒரு தடவை பட்டாலும் எச்சிலின் புரதம் குழிகளை மூடிவிடும், அதுவும் சில வினாடிக்குள். பிறகு தண்ணீரால் கழுவினாலும் அது முழுதாகப் போகாது. பார்வைக்குப் பல் மங்கலாகவே இருக்கலாம், பிரக்கெட்டும் அப்போதைக்கு ஒட்டும். இரண்டு கிழமை கழித்து, சோற்றில் ஒரு கல் கடிபடும்போது கையோடு வரும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், கீழ் வரிசைக்கு ஒட்டும்போது உறிஞ்சு குழாய் என் கையில் கொஞ்சம் விலகிவிட்டது. பின்பக்கப் பல்லில் எச்சில் ஏறியதை நான் பார்த்தேன். சின்ன விஷயம் என்று சொல்லாமல் விட்டுவிட்டேன். அந்தப் பையன் குச்சவெளியிலிருந்து பஸ் ஏறி வருகிறவன். பத்து நாளில் அந்தப் பல்லுக்காகவே திரும்பவும் ஒரு நாள் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வந்தான். இப்போதெல்லாம் ஈரம் பட்டதைப் பார்த்தால் அந்தக் கணமே சொல்லிவிடுவேன். நீங்களும் விழுங்க வேண்டும், இருமல் வருகிறது என்றால் கையைத் தூக்குங்கள். அந்த இடத்தில் நிறுத்தித் தொடங்குவது எங்களுக்கு ஒரு கஷ்டமும் இல்லை.

ஈரம் வாயிலிருந்து மட்டும் வருவதில்லை. எங்கள் ஊர்க் காற்றிலேயே ஈரம் அதிகம், பல்லை உலர்த்தும் காற்றைத் தரும் கம்பிரசரின் தொட்டியில் தண்ணீர் தேங்கும். காலையில் அதை வடித்துவிட்டு, காற்றுக் குழாயை ஒரு முகக் கண்ணாடியில் ஊதிப் பார்ப்பேன். கண்ணாடியில் பனி படிந்தாலோ எண்ணெய்த் துளி தெரிந்தாலோ அன்றைக்கு அதைச் சரிசெய்யாமல் ஒட்டும் வேலை தொடங்காது.

எச்சில் பட்டிட்டு என்று எனக்கு இரண்டாம் தரமும் அசிட் பூசினாங்க. அது கூடாதுதானே?

அதுதான் சரியான வேலை. பட்டுவிட்டதைப் பார்த்தும் பூசாமல் ஒட்டியிருந்தால்தான் குறை. இரண்டாவது தடவை முழு நேரம் தேவையில்லை, 10 முதல் 15 வினாடி போதும். போகும் எனாமலின் அளவு முன்பே சொன்னதைவிடக் குறைவு.

ஒட்டுற அன்றைக்குப் பல்லுத் துலக்கலாமா? சாப்பிட்டிட்டு வரலாமா?

இரண்டையும் செய்துவிட்டு வாருங்கள். வழக்கமான புளோரைட் பற்பசையால் துலக்கினால் ஒட்டுவதற்குக் கெடுதல் இல்லை. ஆனால் டொக்டர் யாராவது அண்மையில் கடும் புளோரைட் வார்னிஷ் பூசியிருந்தால் சொல்லிவிடுங்கள். சாப்பாட்டைப் பொறுத்தவரை, ஒட்டி முடிய ஒன்றரை மணித்தியாலம்கூட ஆகலாம். பசியோடு இருக்கும் பிள்ளை அசையாமல் படுக்காது.

அன்றைக்கு மட்டும் மூன்று விஷயம் வேண்டாம். காலையில் நல்லெண்ணெய் கொப்பளிக்கிறவர்கள் அன்று விட்டுவிடுங்கள். வெற்றிலை போடுகிறவர்கள் போடாமல் வாருங்கள், சுண்ணாம்பும் காவியும் பல்லிடுக்கில் இருந்தால் துலக்கி எடுக்கவே பாதி நேரம் போய்விடும். மூன்றாவது, கராம்பு எண்ணெய். பல் வலிக்கு அம்மம்மா பஞ்சில் நனைத்து வைக்கும் அதே எண்ணெய். அதிலுள்ள யூஜெனோல் என்ற பொருள் ரெசினை இறுக விடாது. கராம்பு எண்ணெய் கலந்த தற்காலிக அடைப்பு ஏதாவது பல்லில் இருந்தாலும் முதலிலேயே சொல்லுங்கள்.

நோன்பு நேரத்துல ஒட்டலாமா?

கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் வருகிறவர்கள் வருடா வருடம் கேட்பது. மார்க்கத் தீர்ப்பை உங்கள் மௌலவியிடம் கேளுங்கள். என் பக்கத்திலிருந்து சொல்லக்கூடியது இதுதான்: ஒவ்வொரு பல்லையும் தண்ணீரால் கழுவாமல் இந்த வேலை நடக்காது. குழாய் அதிகமானதை உறிஞ்சினாலும், தொண்டைப் பக்கம் ஒரு துளியும் போகாது என்று நான் உறுதி தர மாட்டேன். பெருநாள் முடிந்து தொடங்கினால் சிகிச்சைக்கு ஒரு கெடுதலும் இல்லை. நோன்போடு வந்து, தண்ணீரை விழுங்கிவிடுவேனோ என்று பதற்றத்தில் நாக்கை அசைத்துக்கொண்டே இருந்தால் ஒட்டும் சரிவராது, மனமும் சரிவராது.

எங்கட கிணத்துத் தண்ணியால பல்லுல வெள்ளைக் கோடும் மண்ணிறமும் இருக்கு. இதுல ஒட்டுமா?

ஒட்டும், கூடுதல் கவனத்தோடு. இலங்கையின் வறண்ட வலயத்தில் பல இடங்களில் நிலத்தடி நீரில் புளோரைட் அதிகம். குடிநீரில் ஒரு லீற்றருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். சின்ன வயதில், பல் முரசுக்குள் உருவாகும் காலத்தில் அதைவிட அதிகமான நீரைத் தொடர்ந்து குடித்தவர்களின் எனாமலில் இந்த அடையாளம் வரும். துலக்காததால் வந்த அழுக்கு அல்ல. இதைச் சொன்னதும் அழுத ஒரு பிள்ளையை எனக்குத் தெரியும், அவ்வளவு நாளும் வீட்டில் அவளைச் சோம்பேறி என்று திட்டியிருக்கிறார்கள்.

இந்த எனாமலின் வெளித்தோல் அமிலத்துக்கு எளிதில் இளகாது. அதனடியில் இருக்கும் பகுதியோ நொய்மையானது. அதனால் வழக்கமான நேரம் பூசினால் அந்த மங்கிய வெள்ளை சீராக வராது. டொக்டர் பாதிப்பின் அளவைப் பார்த்து ஜெல்லைக் கூடுதல் நேரம் விடுவார், அல்லது மேற்பரப்பை முதலில் மிக மெல்லியதாக உரசிவிட்டுப் பூசுவார். மேற்பரப்பு உதிர்ந்து குழி விழுந்த கடும் நிலையென்றால் அந்தப் பல்லுக்கு வளையம் நல்லது என்று முடிவெடுக்கவும் கூடும். பத்துப் பல்லில் ஒரே நேரம் வைத்து, இரண்டில் வேறாக வைத்தால் ஏன் என்று யோசிக்காதீர்கள், ஒவ்வொரு பல்லும் ஒவ்வொரு மாதிரி.

கலியாணத்துக்கு என்று போன கிழமை பல்லை வெள்ளையாக்கினேன். இப்ப கிளிப் ஒட்டலாமா?

பொறுக்க வேண்டும். வெள்ளையாக்கும் பெரொக்சைட்டிலிருந்து வரும் ஒட்சிசன் எனாமலுக்குள் கொஞ்ச நாள் தங்கியிருக்கும், ரெசின் இறுகுவதைத் தடுக்கும். இரண்டு கிழமை இடைவெளி விட்டால் போதும். உண்மையில் வரிசையே மாறிவிட்டது, கிளிப் கழற்றிய பிறகு வெள்ளையாக்குவதுதான் பொருத்தம்.

முன்பல்லு ஒன்று உடைஞ்சு கெப் போட்டது. அதுல அமிலம் வேலை செய்யுமா?

பொஸ்போரிக் அமிலம் குழி போடுவது எனாமலில் மட்டும். பீங்கான் கெப் என்றால் அதற்கு ஹைட்ரோபுளோரிக் அமிலம் என்ற வேறு அமிலம் உண்டு, அல்லது மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கி சைலேன் என்ற இணைப்புத் திரவம் பூசுவார்கள். ஹைட்ரோபுளோரிக் அமிலம் தோலுக்கும் முரசுக்கும் மிகவும் கெட்டது, முரசை மூடிப் பாதுகாத்துத்தான் பாவிக்க வேண்டும். அதனால் கெப் இருப்பதை ஒட்டும் நாளில் அல்ல, முதல் நாளே சொல்லுங்கள். சாமான் தயாராக இருக்கும்.

பல் நிறத்தில் அடைத்த பல் என்றால் மேற்பரப்பை லேசாகச் சொரசொரப்பாக்கிவிட்டு ஒட்டலாம். வேர்ச் சிகிச்சை செய்த பல்லில் எனாமல் நன்றாக இருந்தால் ஒரு வித்தியாசமும் இல்லை.

கழுவத் தேவையில்லாத அசிட் ஒன்று இருக்காமே? அதைப் போடச் சொல்லலாமா?

இருக்கிறது. அமிலமும் பிரைமரும் ஒன்றாகச் சேர்ந்த திரவம். ஒவ்வொரு பல்லிலும் 3 முதல் 5 வினாடி தேய்த்து, காற்றால் மெல்ல ஊதிப் பரப்பி, அப்படியே பிரக்கெட்டை வைப்பார்கள். கழுவும் படி இல்லாததால் எச்சில் உள்ளே வரும் சந்தர்ப்பம் குறைவு, எனாமல் இழப்பும் குறைவு. அடக்கி வைக்க முடியாத சின்னப் பிள்ளைகளுக்கு வசதி. ஆனால் அந்த வெள்ளை அடையாளம் தெளிவாகத் தெரியாது, பல் சரியாகத் தயாராகிவிட்டதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பியூமிஸால் நன்றாகத் துலக்காவிட்டால் இது ஏமாற்றிவிடும்.

கிளாஸ் அயனோமர் என்று இன்னொரு வகைப் பசையும் உண்டு. கொஞ்சம் ஈரத்தைப் பொறுக்கும், புளோரைட் விடும், ஆனால் பிடி பொதுவாக ரெசினைவிடக் குறைவு. எது பொருத்தம் என்பது வாயைப் பார்த்து டொக்டர் எடுக்கும் முடிவு. அவரிடம் கேட்பதில் தவறில்லை, கேளுங்கள்.

அந்த நீல லைட் கண்ணுக்குக் கூடாதா?

நேரே பார்க்காதீர்கள், அவ்வளவுதான். எக்ஸ்ரே அல்ல. கண்ணுக்குத் தெரியும் நீல ஒளி, 470 நானோமீற்றர் அளவில். பசைக்குள் இருக்கும் ஒரு பொருள் அந்த ஒளியில்தான் வேலை தொடங்கும். செம்மஞ்சள் கண்ணாடி போடுவது அந்த ஒளியிலிருந்து கண்ணைக் காக்கத்தான்.

ஒட்டின அன்றைக்கே கச்சான், முறுக்கு சாப்பிடலாமா?

அன்றைக்கும் வேண்டாம், கிளிப் இருக்கும் வரையும் வேண்டாம். லைட் அடித்ததும் பசை இறுகிவிடும், ஆனால் முழுப் பலமும் வர ஒரு நாள் பிடிக்கும். அந்த முதல் நாள் சோறு, இடியப்பம், குழைந்த பருப்பு, கிண்ணியாத் தயிர் போதும். பிறகும் கச்சான், முறுக்கு, நண்டுக் கால், கரும்பு, ஐஸ் கட்டி வேண்டாம். மாங்காயையும் கொய்யாவையும் சின்னத் துண்டாக வெட்டிக் கடைவாயால் சாப்பிடலாம், முன்பல்லால் கடித்து இழுக்கக் கூடாது.

ஒன்று கழண்டிட்டு. கையில இருக்கு. சுப்பர் குளூவால ஒட்டலாமா?

தயவுசெய்து வேண்டாம். அது வாய்க்குள் பாவிக்கச் செய்த பசை அல்ல, முரசையும் உதட்டையும் சுடும். பிரக்கெட் இருக்க வேண்டிய இடம் அரை மில்லிமீற்றர் மாறினாலும் பல் வேறு திசைக்குப் போகும். பல்லின் மேல் இறுகிய அந்தப் பசையைப் பிறகு சுரண்டி எடுக்கும்போது எனாமலும் சேர்ந்து போகலாம்.

கழன்றதை ஒரு கடதாசியில் சுற்றி வையுங்கள். கம்பியில் ஆடிக்கொண்டிருந்தால் அப்படியே விடுங்கள், கன்னத்தில் குத்தினால் கிளிப்புக்குத் தரும் மெழுகை உருட்டி வையுங்கள். அடுத்த தவணை வரை காத்திருக்காமல் ஒரு போன் எடுங்கள். வந்ததும் பல்லில் ஒட்டியிருக்கும் பழைய பசையை எடுத்து, பியூமிஸிலிருந்து எல்லாப் படியையும் அந்தப் பல்லுக்கு மட்டும் திரும்பச் செய்ய வேண்டும். பழைய பசையின் மேல் புதிய பசையைத் தடவி விடுவது வேலையல்ல.

எனக்கு அதே கீழ்ப் பல்லுத்தான் மூன்று தரம் கழண்டது. டொக்டர் சரியா ஒட்டல்லையா?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கழன்ற பிரக்கெட்டைப் பார்த்தால் கொஞ்சம் புரியும். பசை முழுக்கப் பிரக்கெட்டோடு வந்து பல் சுத்தமாக இருந்தால், பல்லின் பக்கம் பிடிக்கவில்லை என்று அர்த்தம். எச்சில் பட்டிருக்கலாம், ஜெல் சரியாகக் கழுவப்படாமல் இருந்திருக்கலாம், புளோரைட் பாதித்த எனாமலாக இருக்கலாம். பசை பல்லிலேயே தங்கி பிரக்கெட் மட்டும் வந்திருந்தால், பல்லைத் தயார்செய்ததில் அநேகமாகக் குறையில்லை. பசை இறுகும்போது பிரக்கெட் அசைந்திருக்கலாம், லைட் போதாமல் இருந்திருக்கலாம், அல்லது வெறும் அடி. அதனால்தான் கழன்றதைக் கொண்டு வரச் சொல்கிறோம்.

கீழ் வரிசையின் பின்பற்களில் இது கூட. அங்கே எச்சில் தேங்கும், காற்று போய்ச் சேரக் கஷ்டம், மேல்பல்லும் வந்து பிரக்கெட்டின் மேல் இடிக்கும். மேல்பல் இடிக்கிறது என்றால் எத்தனை தரம் அமிலம் பூசினாலும் பயனில்லை. கடியைக் கொஞ்சம் உயர்த்தக் கடைவாய்ப் பல்லில் சிறிய மேடு வைப்பார்கள். மூன்றாம் தரம் கழன்றால் "திரும்ப ஒட்டுங்க" என்று மட்டும் சொல்லாமல் "ஏன் கழலுது?" என்று கேளுங்கள்.

கிளிப் கழட்டின பிறகு பக்கத்து வீட்டுப் பிள்ளையின்ர பல்லுல வெள்ளைத் திட்டு. அது அசிட்டாலதானே?

இல்லை. திட்டு எங்கே இருக்கிறது என்று கவனித்துப் பாருங்கள். அநேகமாக நடுவில், பிரக்கெட் ஒட்டியிருந்த இடம் நல்ல நிறத்தில் இருக்கும். அதைச் சுற்றித்தான், குறிப்பாக முரசுக்கும் பிரக்கெட்டுக்கும் இடையில், வெள்ளை. அமிலம் பூசிய இடத்தின் நடுப்பகுதி ரெசினால் மூடப்பட்டுப் பாதுகாப்பாக இருந்தது. ஓரத்தில் ரெசின் மூடாமல் விட்ட கொஞ்சத்தையும் எச்சிலில் உள்ள கல்சியமும் பொஸ்பேற்றும் நாள் போகப் போகத் திருத்திவிடும். அந்த வெள்ளைத் திட்டு, சாப்பாட்டுப் படிவில் வாழும் கிருமிகள் ஒவ்வொரு நாளும் சுரந்த அமிலத்தால் வந்தது. எங்கள் ஜெல் அரை நிமிடம், அது இருபத்துநான்கு மணித்தியாலம். துலக்காமல் விட்டால் நான்கே கிழமையில் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வரக்கூடும்.

கழற்றும்போது பிரக்கெட்டைப் பிழிந்து எடுத்து, பல்லில் மிஞ்சிய பசையை நிதானமாகச் சுழலும் கருவியால் சீவி, பியூமிஸால் பொலிஷ் செய்வார்கள். முதலில் சொன்ன அந்தக் கண்ணாடி வழுவழுப்பு நாக்குக்குத் திரும்பத் தெரியும். திட்டு லேசானது என்றால் முதல் சில மாதங்களில் எச்சிலாலேயே மங்கும். அவசரப்பட்டுக் கடும் புளோரைட்டைப் பூசினால் வெளித்தோல் மட்டும் இறுகி உள்ளே திட்டு அப்படியே தங்கிவிடக்கூடும், எதையும் டொக்டரிடம் காட்டிவிட்டுச் செய்யுங்கள்.

கிளிப் இருக்கும் காலத்தில் துலக்கும்போது பிரஷ்ஷை முதலில் பிரக்கெட்டுக்கு மேலே, முரசைப் பார்த்துச் சாய்த்து வையுங்கள். பிறகு கீழே. இரவில் துலக்கியதும் கண்ணாடியில் உதட்டைத் தூக்கிப் பாருங்கள். பிரக்கெட்டின் ஓரம் உலோகமாக மின்ன வேண்டும். மஞ்சளாகப் பஞ்சு போல ஏதாவது தெரிந்தால் அந்த இடத்தை இன்னொரு தரம் துலக்குங்கள்.